எஃப்.எம். பட்டை அகலக் கணக்கு பொருந்தாதபோது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எஃப்.எம். என்பது செய்திக்கேற்ப கேரியர் அலையின் அதிர்வெண்ணை அசைத்து அனுப்பும் முறை. அந்தச் சிக்னலுக்கு எவ்வளவு பட்டை அகலம், அதாவது எவ்வளவு அதிர்வெண் இடம், வேண்டும் என்று பார்க்க எல்லோரும் எடுப்பது கார்சன் விதி. உச்ச டீவியேஷனையும் (கேரியர் தன் நடு அதிர்வெண்ணிலிருந்து விலகும் அதிகபட்ச தூரம்) செய்தியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணையும் கூட்டி, இரண்டால் பெருக்க வேண்டும். ஒலிபரப்பில் டீவியேஷன் 75 கிலோஹெர்ட்ஸ், ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆக 2 × (75 + 15) = 180 கிலோஹெர்ட்ஸ். இவ்வளவு எளிய கணக்கில் பிழை வர இடமே இல்லை என்று தோன்றும். கூட்டலில் வராதுதான். உள்ளே போடும் இரண்டு எண்களில் வரும், எதைப் பட்டை அகலம் என்கிறோம் என்ற வரையறையில் வரும். அனலைசரும் (நிறமாலையைக் காட்டும் கருவி) ரிசீவரும் காட்டும் முரண்பாடுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடிகின்றன.

அதனால் எந்த அறிகுறியைப் பார்க்கும் முன்பும் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, டீவியேஷன் எவ்வளவு, அது கேரியரிலிருந்து ஒரு பக்க விலகலா, மொத்த ஊசலா. இரண்டு, பண்பேற்றியின் (செய்தியைக் கேரியரில் ஏற்றும் சுற்று) உள்ளீட்டுக்குள் உண்மையில் போகும் மிக உயர்ந்த அதிர்வெண் எது. மூன்று, உங்களுக்கு வேண்டியது எத்தனை சதவீதத் திறன் அடங்கும் அகலம். டீவியேஷனை உச்ச அதிர்வெண்ணால் வகுத்தால் வருவது பண்பேற்றக் குறியீட்டெண். அதைக் கீழே பீட்டா என்றே சொல்கிறேன். மேலே சொன்ன ஒலிபரப்புக் கணக்கில் பீட்டா 5.

அறிகுறி: விடை ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது

180 வரவேண்டிய இடத்தில் 330 வந்தால் யோசிக்கவே வேண்டாம். ±75 என்று கொடுத்ததை 150 என்று போட்டிருக்கிறீர்கள். கார்சன் விதிக்கு வேண்டியது ஒரு பக்க விலகல். அந்த 2 விதிக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

0-க்கு ஒரு டோன், 1-க்கு ஒரு டோன் என்று மாற்றி டேட்டா அனுப்பும் எஃப்.எஸ்.கே. மாட்யூல்களில் இதே குழப்பம் வேறு வேடத்தில் வரும். சில ஆவணங்கள் இரண்டு டோன்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தருகின்றன, சில நடுவிலிருந்து ஒரு டோனுக்கு உள்ள தூரத்தைத் தருகின்றன. முதலாவது இரண்டாவதைப் போல இரு மடங்கு. இங்கே இன்னொரு பிசகும் உண்டு: செய்தியின் உச்ச அதிர்வெண் என்று பிட் வேகத்தையே போட்டுவிடுவது. 1, 0, 1, 0 என்று மாறி மாறி அனுப்பும்போது இரண்டு பிட்டுக்கு ஒரு சுற்றுதான் முடிகிறது, அதனால் போடவேண்டியது பிட் வேகத்தில் பாதி. நொடிக்கு 9600 பிட், டீவியேஷன் 4.8 கிலோஹெர்ட்ஸ் என்றால் 2 × (4.8 + 4.8) = 19.2 கிலோஹெர்ட்ஸ். முழு வேகத்தைப் போட்டால் 28.8 வரும்.

அறிகுறி: ஐந்தாறு மடங்கு பிசகு

வோல்ட்டுக்கு இத்தனை என்று பண்பேற்றியின் உணர்திறன் கொடுக்கப்பட்டிருக்கும். அது வோல்ட்டுக்கு ஹெர்ட்ஸா, வோல்ட்டுக்கு நொடிக்கு ரேடியனா என்று பாருங்கள். ரேடியன் என்றால் முதலில் 2π-ஆல், அதாவது 6.28-ஆல் வகுக்க வேண்டும். விடை சரியாக 6.28 மடங்கு பிசகாது, ஏனென்றால் பிழை டீவியேஷனில் மட்டும் ஏறுகிறது, செய்தி அதிர்வெண் அப்படியே இருக்கிறது. நம் ஒலிபரப்பு எடுத்துக்காட்டில் 75 என்பது 471 ஆகிவிடும், விடை 972 கிலோஹெர்ட்ஸ், அதாவது 5.4 மடங்கு. பின்னப் பெருக்கமாக இருப்பதால் பலர் இதைக் கண்டுபிடிப்பதில்லை. விகிதத்தை விடையில் தேடாமல் டீவியேஷனில் தேடினால் உடனே பிடிபடும். கூடவே ஆர்.எம்.எஸ். வோல்ட்டைப் பெருக்கினோமா, உச்ச வோல்ட்டையா என்றும் ஒரு பார்வை. சைன் அலைக்கு அங்கே 1.41 மடங்கு ஒளிந்திருக்கும்.

அறிகுறி: கார்சன் விதி 180 என்கிறது, பெசல் அட்டவணை 240 என்கிறது

இங்கே இரண்டுமே சரி. கேள்விகள்தான் வேறு. இதைப் புரிந்துகொண்டால் மற்ற அறிகுறிகளில் பாதி தானாகவே தெளியும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரே ஒரு டோனால் எஃப்.எம். செய்தால், கேரியரின் இரு பக்கமும் டோன் அதிர்வெண் இடைவெளியில் கோடுகள் எழும்பும். கொள்கைப்படி அவற்றுக்கு முடிவே இல்லை. ஒவ்வொரு கோட்டின் உயரத்தையும் பெசல் சார்பு தருகிறது. பீட்டா 5 எனில் கேரியர் 0.178, முதல் கோடு 0.328, இரண்டாவது வெறும் 0.047, மூன்றாவது 0.365, நான்காவது 0.391, ஐந்தாவது 0.261, ஆறாவது 0.131, ஏழாவது 0.053, எட்டாவது 0.018. ஒன்பதாவது 0.006-க்கும் கீழே. இவை பண்பேற்றாத கேரியரின் உயரத்தை 1 என்று வைத்துச் சொல்லும் அளவுகள்.

கார்சன் விதி பீட்டாவோடு ஒன்று சேர்த்து, அதாவது ஆறாவது கோடு வரை எடுத்துக்கொள்கிறது. உயரங்களை வர்க்கமாக்கிக் கூட்டிப் பாருங்கள்: ஆறு ஜோடிகளும் கேரியரும் சேர்ந்து மொத்தத் திறனில் 99.36 சதவீதம். எனவே 12 × 15 = 180. பெசல் அட்டவணையை வைத்துச் செய்பவர்கள் உயரம் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள கோடுகளையெல்லாம் எண்ணுகிறார்கள். எட்டாவது வரை போகிறது, 16 × 15 = 240. கூடுதலாகச் சேர்ந்த இரண்டு ஜோடிகளிலும் இருக்கும் திறன் 0.64 சதவீதம்தான். 60 கிலோஹெர்ட்ஸ் செலவழித்து 0.64 சதவீதம்.

குழப்பத்தின் வேர், இரண்டு இடத்திலும் 'ஒரு சதவீதம்' என்ற பேச்சு வருவதுதான். பெசல் அட்டவணையில் சொல்லும் 1 சதவீதம் வீச்சு. திறனில் அது 0.01 சதவீதம், அதாவது 40 டெசிபல் கீழே. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறையில் வரும் ஆக்கிரமிப்புப் பட்டை அகலத்துக்கு 99 சதவீதத் திறன் உள்ளே இருக்க வேண்டும், இரு ஓரங்களிலும் தலா 0.5 சதவீதம் வெளியே விடலாம். அந்த 1 திறனைச் சொல்வது.

எதை எடுப்பது? சேனலில் அடங்குகிறதா என்று பார்க்க 99 சதவீதமும் கார்சனும் போதும். ரிசீவரில் ஒலி திரிபடையாமல் வர வேண்டும் என்றால் கொஞ்சம் தாராளம் தேவை. பீட்டா 2-க்கு மேல் இருக்கும்போது செய்தி அதிர்வெண்ணை ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை கூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு: 2 × (75 + 30) = 210 கிலோஹெர்ட்ஸ். ஃபில்டர் வடிவமைப்பில் நான் இதையே விரும்புவேன். பக்கத்துச் சேனலுக்கு எவ்வளவு கசிகிறது என்பதே கேள்வி என்றால் இந்த எந்த எண்ணும் போதாது. 60, 70 டெசிபல் கீழே உள்ள கோடுகள்கூட அங்கே கணக்கில் வரும், முழு நிறமாலையையும் பார்த்தாக வேண்டும்.

அறிகுறி: டீவியேஷனைக் குறைத்துக்கொண்டே போகிறேன், அகலம் குறையமாட்டேன் என்கிறது

அது குறையாது. பேச்சுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனில் 16, 2.5-இல் 11, 0.5-இல் 7 கிலோஹெர்ட்ஸ். பூஜ்யத்தை நெருங்கினாலும் 6-க்குக் கீழே இறங்காது. செய்தி அதிர்வெண்ணின் இரு மடங்கு என்பதுதான் தரை, ஏ.எம்.மும் அதே அகலம்தான். கேரியரைச் சில ஹெர்ட்ஸ் மட்டும் அசைத்தால் சில ஹெர்ட்ஸ் அகலமே போதும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது நடக்காது என்று 1922-இல் ஜான் கார்சன் கணக்கில் காட்டினார். இன்று நாம் அகலத்தை மதிப்பிடப் பயன்படுத்தும் விதி, பட்டையை மிச்சம் பிடிக்க எஃப்.எம். உதவாது என்று சொல்லவந்த ஆய்விலிருந்து பிறந்தது. பட்டையை மிச்சம் பிடிக்காமல் தாராளமாகச் செலவழித்தால் இரைச்சல் அடங்கும் என்று 1930-களில் எட்வின் ஆம்ஸ்ட்ராங் காட்டியதுதான் எஃப்.எம். ஒலிபரப்புக்கு வழிவிட்டது. இரண்டு பேர் சொன்னதும் ஒரே சூத்திரத்துக்குள் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

ஆகவே 7 போதாது, 5 வேண்டும் என்றால் டீவியேஷனைத் தொட்டுப் பயனில்லை. செய்தியின் உச்ச அதிர்வெண்ணைத்தான் வெட்ட வேண்டும்.

அறிகுறி: ஸ்டீரியோவுக்கு 256 கிலோஹெர்ட்ஸ் வருகிறது, நிலையங்களோ 200-இல் ஓடுகின்றன

ஸ்டீரியோ எஃப்.எம்.மில் பண்பேற்றிக்குள் போவது வெறும் ஒலி கிடையாது. 15 கிலோஹெர்ட்ஸ் வரை இடமும் வலமும் கூட்டிய ஒலி, 19-இல் பைலட் டோன், 23 முதல் 53 வரை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 57-ஐச் சுற்றி நிலையத்தின் பெயர் போன்றவற்றை அனுப்பும் ஆர்.டி.எஸ். டேட்டா. ஆர்.டி.எஸ்.ஸை விட்டுவிட்டு, உச்ச அதிர்வெண் 53 என்று போட்டு 2 × (75 + 53) = 256 என்கிறோம். கணக்கில் தவறு இல்லை. ஆனால் அதற்கு ஒரு மறைமுக அனுமானம் இருக்கிறது: முழு 75 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனையும் அந்த 53 கிலோஹெர்ட்ஸ் கூறே தனியாக உண்டாக்குகிறது என்பது. நிஜத்தில் அப்படி நடப்பதே இல்லை. இசையில் உயர் அதிர்வெண்களில் சக்தி குறைவு, வித்தியாச ஒலி கூட்டிய ஒலியைவிட வழக்கமாகச் சிறியது. ஆர்.டி.எஸ். கூறு 2 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கே டீவியேஷன் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: அதன் பீட்டா 0.035, முதல் பக்கக் கோட்டின் உயரம் அதில் பாதி, அதாவது கேரியருக்கு ஏறக்குறைய 35 டெசிபல் கீழே.

பல கூறுகள் கலந்த சிக்னலுக்கு கார்சன் விதி தருவது மேல் வரம்பு. மொத்த டீவியேஷன், உச்ச அதிர்வெண் இரண்டையும் மோசமான நிலையில் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. ஒலிபரப்பின் உண்மையான 99 சதவீத அகலம் நிகழ்ச்சியைப் பொறுத்து அதைவிடக் குறைவாகவே இருக்கும். போதாததற்கு, அடுத்தடுத்த சேனல்களை ஒரே இடத்தில் ஒதுக்குவதை அலைவரிசைத் திட்டமிடுபவர்கள் தவிர்க்கிறார்கள், ஓரத்தில் கசியும் கொஞ்சமும் யாரையும் தொடுவதில்லை.

ஆனால் ரிசீவர் செய்பவர் இதை வைத்து ஃபில்டரை இறுக்கிவிடக் கூடாது. மோனோ தெளிவாகக் கேட்கிறது, ஸ்டீரியோவுக்கு மாற்றினால் மட்டும் 'ஸ்' எழுத்துகள் கிழிகின்றன என்றால் ஃபில்டர் குறுகல் என்று சந்தேகப்படலாம். மென்பொருள் ரேடியோவில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். எஃப்.எம்.மைப் பிரித்தெடுப்பதற்கு முன்பே சாம்பிள் வேகத்தை 48 ஆயிரத்துக்கு இறக்கிவிட்டால் 180 கிலோஹெர்ட்ஸ் சிக்னலில் 48 மட்டுமே மிஞ்சும். ஒலியும் சிதையும். முதலில் 250 ஆயிரம் போன்ற வேகத்தில் பிரித்தெடுத்து, ஸ்டீரியோவையும் பிரித்து, அப்புறம்தான் இறக்க வேண்டும்.

அறிகுறி: அனலைசரில் அளந்தது கணக்கைவிடப் பெரிதாக இருக்கிறது

இதுதான் அதிகம் வருவது, காரணங்களும் இதற்குத்தான் அதிகம். வரிசையாகப் போக வேண்டும். கருவியை நம்பிய பிறகே டிரான்ஸ்மிட்டரைச் சந்தேகிக்கலாம்.

ரெசல்யூஷன் பேண்ட்விட்த், அதாவது அனலைசர் ஒரு நேரத்தில் பார்க்கும் ஃபில்டரின் அகலம், எவ்வளவு? 16 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை 10 கிலோஹெர்ட்ஸ் ரெசல்யூஷனில் பார்த்தால் நீங்கள் பார்ப்பது அனலைசரின் ஃபில்டர் வடிவத்தை. எதிர்பார்க்கும் அகலத்தில் 1 சதவீதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், இங்கே 100 அல்லது 200 ஹெர்ட்ஸ். அடுத்து மேக்ஸ் ஹோல்ட். அது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எப்போதோ ஒருமுறை வந்த உச்சத்தைப் பிடித்து வைக்கும். 99 சதவீத வரையறை சராசரித் திறனைப் பற்றியது, இரண்டையும் ஒப்பிட முடியாது. மூன்றாவது, திரையின் அகலம். சிக்னலைப்போலப் பத்து மடங்கு அகலத்தைத் திறந்து வைத்து, சிக்னலும் பலவீனமாக இருந்தால், கருவி அத்தனை இரைச்சலையும் மொத்தத் திறனில் சேர்த்துக்கொண்டு எல்லையை வெளியே தள்ளும். திரையை ஒடுக்குங்கள். எண் சட்டென்று குறைந்தால் காரணம் இரைச்சல்தான்.

கருவி சரி என்றானதும் டீவியேஷனைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு இருக்கும் பெசல் சுழி முறையை நான் மிகவும் மதிக்கிறேன். தனி டீவியேஷன் மீட்டர் எதுவும் இல்லாமல், அனலைசரைக் கொண்டே துல்லியமாக அளந்துவிடலாம். பீட்டா 2.405 ஆகும்போது கேரியர் முற்றிலும் மறைகிறது, அத்தனை திறனும் பக்கக் கோடுகளுக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் வேண்டும் என்றால் 5000-ஐ 2.405-ஆல் வகுத்து 2079 ஹெர்ட்ஸ் டோனை ஊட்டுங்கள். பூஜ்யத்திலிருந்து மெதுவாக அளவைக் கூட்டிக்கொண்டே போக, நடுக்கோடு முதல் முறை காணாமல் போகும் இடம்தான் சரியாக 5 கிலோஹெர்ட்ஸ். 2.5-க்கு 1040 ஹெர்ட்ஸ். 75-க்கு இரண்டாவது சுழியான 5.520-ஐ எடுத்துக்கொள்வது வசதி, டோன் 13.59 கிலோஹெர்ட்ஸ். பூஜ்யத்திலிருந்து தொடங்குவது முக்கியம், இல்லாவிட்டால் எத்தனையாவது சுழியில் இருக்கிறோம் என்று தெரியாது. டோன் லிமிட்டரை (அளவு மீறினால் அலையை வெட்டும் சுற்று) தொடாமல் சுத்தமான சைனாகவே உள்ளே போகவும் வேண்டும்.

டீவியேஷன் இப்படிச் சரியாக இருந்தும் பேச்சிலோ இசையிலோ மட்டும் அகலம் எகிறுகிறது என்றால், முன்னழுத்தத்தைப் பாருங்கள். ஒலிபரப்பில் உயர் அதிர்வெண்களை அனுப்புவதற்கு முன் தூக்கிவிடுகிறார்கள், 50 மைக்ரோநொடி அல்லது 75 மைக்ரோநொடி நேர மாறிலியில். 15 கிலோஹெர்ட்ஸில் இது முறையே 13.7, 17.1 டெசிபல் ஏற்றம். 1 கிலோஹெர்ட்ஸ் டோனில் 50 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் வரும்படி அளவை வைத்துவிட்டு, அதே அளவில் 10 கிலோஹெர்ட்ஸ் டோனை ஊட்டினால் 50 மைக்ரோநொடிச் சுற்றில் டீவியேஷன் 157 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். முன்னழுத்தத்துக்குப் பின்னால் ஒரு லிமிட்டர் இருந்தே ஆக வேண்டும்.

லிமிட்டர் இருக்கிறதே என்றால், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? வெட்டப்பட்ட 1.5 கிலோஹெர்ட்ஸ் டோனிலிருந்து 4.5, 7.5, 10.5 கிலோஹெர்ட்ஸ் கூறுகள் பிறக்கும். நீங்கள் தாளில் எழுதிய 3 கிலோஹெர்ட்ஸ் அந்த நொடியில் பொய்யாகிவிடுகிறது, டீவியேஷன் 5-ஐத் தாண்டாவிட்டாலும் அகலம் கூடுகிறது. லிமிட்டருக்கும் பண்பேற்றிக்கும் நடுவே ஒரு லோபாஸ் ஃபில்டர் போட்டால் தீரும். டேட்டாவிலும் இதே கதை: சதுர விளிம்போடு பிட்டுகளை ஊட்டினால் ஓரங்கள் நீளும், மென்மையாக்கி ஊட்டினால் அடங்கும்.

அறிகுறி: உரத்துப் பேசும்போது மட்டும் கரகரப்பு, அல்லது சில மாட்யூல் ஜோடிகள் மட்டும் பேசிக்கொள்ளவில்லை

இது ரிசீவர் ஃபில்டரின் வேலை. உரத்த ஒலியில் டீவியேஷன் கூடி, ஃபில்டரின் ஓரம் சிக்னலை வெட்டுகிறது. மெல்லிய ஒலி நன்றாகவே இருக்கும். பலவீனமான சிக்னல் என்றால் எதிர்மாறாக, மெல்லிய ஒலியிலும் மௌனத்திலும் சீற்றம் கேட்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவு செய்துவிடலாம்.

கணக்கில் விட்டுப்போவது பெரும்பாலும் மாட்யூலின் அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் படிகத்தின் பிழை. 433.92 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை என்றால் 8.7 கிலோஹெர்ட்ஸ். அனுப்புவது மேலேயும் பெறுவது கீழேயும் விலகினால் 17.4. மேலே பார்த்த 19.2 கிலோஹெர்ட்ஸ் டேட்டா சிக்னலுக்கு இந்த விலகலை இரு பக்கமும் சேர்க்க, ஃபில்டருக்கு ஏறக்குறைய 54 கிலோஹெர்ட்ஸ் வேண்டியிருக்கிறது. அதிக அகலம் அதிக இரைச்சலை உள்ளே விடும், 19.2-க்கும் 54-க்கும் நடுவே 4.5 டெசிபல் இழப்பு. சாதாரண எஃப்.எம். பிரிப்பான் 10 டெசிபலை ஒட்டிய சிக்னல் இரைச்சல் விகிதத்துக்குக் கீழே சட்டென்று சரிந்துவிடும், எனவே எல்லையில் இருப்பவருக்கு 4.5 சின்ன எண் இல்லை. 2 பங்குப் பிழை உள்ள வெப்ப ஈடு படிகத்தைப் போட்டால் 22.7 கிலோஹெர்ட்ஸ் போதும். மாட்யூலில் தானியங்கி அதிர்வெண் திருத்தம் இருந்தால் நடுவழியாக அதையும் நம்பலாம்.

அறிகுறி: செய்தி அதிர்வெண்ணைக் கூட்டினால் அகலமும் அதே விகிதத்தில் கூடுகிறது

நீங்கள் செய்துகொண்டிருப்பது ஃபேஸ் பண்பேற்றம், அதாவது செய்திக்கேற்ப கேரியரின் அதிர்வெண்ணுக்குப் பதில் கட்டத்தை அசைப்பது. அங்கே மாறாமல் இருப்பது பீட்டா, டீவியேஷன் டோனோடு சேர்ந்து ஏறும். 5 ரேடியனில் 1 கிலோஹெர்ட்ஸுக்கு 12 கிலோஹெர்ட்ஸ் அகலம், 3 கிலோஹெர்ட்ஸுக்கு 36. உண்மையான எஃப்.எம்.மில் 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனுக்கு அதே மாற்றம் 12-இலிருந்து 16-க்குத்தான் கொண்டுபோகும்.

அறிகுறி: பெருக்கிக்குப் பிறகு கணக்கு ஒத்துவரவில்லை

அதிர்வெண் பெருக்கி டீவியேஷனைப் பெருக்கும், செய்தி அதிர்வெண்ணைத் தொடாது. 417 ஹெர்ட்ஸ் டீவியேஷனை 12 மடங்காக்கினால் 5 கிலோஹெர்ட்ஸ். 3 கிலோஹெர்ட்ஸ் பேச்சுக்கு அகலம் 6.8-இலிருந்து 16 ஆகிறது, 82 ஆவதில்லை. மிக்ஸர் எதையும் மாற்றாது, சிக்னலை இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான்.

அறிகுறி: இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இல்லை

ஒற்றை சைன் டோனை ஊட்டிப் பாருங்கள். அப்போதும் கோடுகள் இரு பக்கமும் உயரத்தில் வேறுபட்டால், எங்கோ ஏ.எம். கலக்கிறது அல்லது வழியில் உள்ள ஒரு ஃபில்டர் நடுவிலிருந்து நகர்ந்திருக்கிறது. ஆஸிலேட்டரின் வோல்ட்டேஜ் வளைவு நேராக இல்லாவிட்டாலும் இப்படி ஆகும். டோனில் சமமாக இருந்து பேச்சில் மட்டும் சாய்ந்தால் பழுதில்லை. மனிதக் குரலின் அலை மேலும் கீழும் ஒரே மாதிரி இருப்பதில்லை, நிறமாலையும் அப்படியே சாயும். அகலத்தை அந்தச் சாய்ந்த பக்கத்தின் உச்ச டீவியேஷனை வைத்துப் போடுங்கள்.